கெட்டது போல்டரில் ஒரு க்ஷி

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு பிள்ளைக்குக் காது குத்தினாலும் போர்டு, ஒருவர் கண்ணை மூடினாலும் போர்டு. பெண் பெரியவளானால், மகன் போலீஸ் வேலைக்குத் தேறினால், மாமன் வெளிநாட்டிலிருந்து லீவில் வந்தால், ரோட்டோரத்தில் இரண்டு சவுக்குக் கம்பு நட்டு ஒரு போர்டைக் கட்டினால்தான் காரியம் நடந்ததாகக் கணக்கு. அந்தப் போர்டுகளில் பாதியை டிசைன் செய்தது மகாலட்சுமி என்பது யாருக்கும் தெரியாது. போர்டில் தாய்மாமன் பெயர் இருக்கும், தாய்மாமனின் சேக்காளிகள் பெயர் இருக்கும், கடையின் போன் நம்பர் மூலையில் இருக்கும். டிசைன் செய்தவள் பெயரை எவர் போடுவார்?

ஜெயமங்கலத்தில் பிறந்தவள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, பெரியகுளத்தில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் டிசைன் படித்தாள். கூடலூர் விஜய்பாண்டிக்கு வாழ்க்கைப்பட்டாள். அவர் ஜீப் ஓட்டுகிறவர். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு குமுளி மலை ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். சும்மா உட்கார்ந்திருந்தால் அவளுக்குத் தலை வலிக்கும். அதனால் உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சங்கிலி நடத்துகிற பிளக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். சேர்ந்து பதினேழு வருஷமாகிறது. அதிகம் பேசமாட்டாள். பேசினால் வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான். கல்யாணப் போர்டில் நாற்பது சேக்காளிகள் படம் வேண்டும் என்று வந்து நிற்கிற மாப்பிள்ளையிடம், “பொண்ணு படத்துக்கு எடம் வேணுமா, வேணாமா தம்பி?” என்று கேட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வேலையைத் தொடர்வாள்.

அந்தக் கடையில் ஒரு சட்டம் உண்டு. கம்ப்யூட்டரைத் திறந்தவுடன் இரண்டு போல்டர்கள் தெரியும். ஒன்றின் பெயர் நல்லது, இன்னொன்றின் பெயர் கெட்டது. கல்யாணம், காதுகுத்து, கடைத் திறப்பு எல்லாம் முதலாவதில். கண்ணீர் அஞ்சலி, நினைவு நாள் எல்லாம் இரண்டாவதில். நல்லதிலிருந்து ஒரு பூவையோ விளக்கையோ எடுத்துக் கெட்டதில் வைக்கலாம். கெட்டதிலிருந்து எதையும் நல்லதுக்குக் கொண்டுவரக் கூடாது. சட்டம் போட்டவர் முதலாளி சங்கிலி. அறுபது வயதுக்காரர். வெள்ளிக்கிழமை பிரிண்ட் அடிக்கிற மிஷினுக்கே பொட்டு வைத்துச் சூடம் காட்டுகிறவர்.

“ஒரு புள்ளி கூட இங்கிட்டு வரக் கூடாது தாயி,” என்று அவள் சேர்ந்த அன்றே சொன்னார். “செத்தவுகளுக்கு ஒரு வழி கிடைச்சாப் போதும். துணைக்கு ஆள் தேடி வந்துருவாக.”

மகாலட்சுமி அப்போது மனதுக்குள் சிரித்துக்கொண்டாள். ஆனாலும் சட்டத்தை மீறவில்லை. பள்ளத்தாக்கில் எந்த பிளக்ஸ் கடையில் கேட்டாலும் இதே கதைதான்.

கடையில் ஒரு தடித்த எழுத்து வைத்திருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தாலும் கண்ணைப் பறிக்கும். எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள். அதில் ஜ இருந்தது, ஷ இருந்தது, ஸ்ரீ கூட இருந்தது. க்ஷ மட்டும் இல்லை. அந்த இடத்தைத் தட்டினால் வெறும் கட்டம் வந்து நிற்கும். ஆதியில் இது ஒரு குறையாகவே தெரியவில்லை. சங்கிலிக்கும் முத்துப்பேச்சிக்கும் சுப்புத்தாய்க்கும் க்ஷ எதற்கு? லட்சுமிகூட டகரமும் சகரமுமாக இங்கே வந்து குடியேறிப் பல தலைமுறை ஆகிவிட்டது. மகாலட்சுமியே தன் பெயரை அப்படித்தான் எழுதுவாள். ஆனால் இப்போது பிறக்கிற பிள்ளைகளின் பெயர்களைப் பார்க்க வேண்டுமே! மேலே ‘அம்மாவாசி, இருளம்மாள் பேத்தி’ என்று இருக்கும். கீழே அந்தப் பேத்தியின் பெயர் மோக்ஷிதா. தாத்தாவால் பேத்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. பாப்பா என்று கூப்பிட்டுவிட்டுப் போய்விடுவார். இப்படிப் பெயர் வந்தால் மகாலட்சுமி க் ஒரு பக்கமும் ஷ ஒரு பக்கமுமாகத் தட்டிவிடுவாள். நடுவில் கொஞ்சம் இடைவெளி விழும். யாரும் கண்டுகொள்வதில்லை.

அவள் மகளுக்கும் அப்படி ஒரு பெயர்தான். அக்ஷிதா. அது விஜய்பாண்டி மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கொண்டுவந்த பெயர். தோட்டத்து சூப்பர்வைசரின் மகளுக்கு அந்தப் பெயர். அங்கே சுவரில் மலையாளத்தில் அதை எழுதியிருந்ததைப் பார்த்தாராம். எழுத்து ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு அவ்வளவு அழகாக இருந்ததாம். கூடலூர்த் தெருவில் அது அட்சிதாவாகி, அச்சிதாவாகி, கடைசியில் அச்சியாகிவிட்டது. பிள்ளை மட்டும் ஒத்துக்கொள்ளமாட்டாள். “அச்சி இல்ல, அக்ஷிதா” என்று தெருவில் போகிறவர்களை நிறுத்தித் திருத்துவாள்.

ஒன்றாம் வகுப்பில் சேர்ந்ததும் பெயரை எழுதக் கற்றுக்கொடுத்தது மகாலட்சுமிதான். அ வந்துவிட்டது. தா வந்துவிட்டது. நடுவில் இருந்த க்ஷி வரவில்லை. ஒரு வாரம் அழிரப்பர் தேயத் தேயப் போராடி, ஒரு நாள் அவளாகவே ஒன்றைப் போட்டுவிட்டாள். ஷவின் வயிறு சரியாக மூடாமல் இருந்தது. மேலே போட வேண்டிய இகரத்தின் கொக்கி நீண்டு, எழுத்தின் தலையைத் தாண்டி, முக்காடு போட்ட மாதிரி வளைந்து இறங்கியது. நடுவில் பென்சில் ஒரு தடவை எழும்பி விழுந்த தடம் இருந்தது. இப்படி இல்லடி என்று மகாலட்சுமி சொன்னாள். இப்படித்தான் என்றாள் மகள். அதன் பிறகு நோட்டு முழுக்க அப்படித்தான் எழுதினாள்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஐப்பசி மழையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ரத்தத்தில் அணு குறைந்துவிட்டது என்றார்கள். தேனியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஏழு நாள் வைத்திருந்தார்கள். டாக்டர்களும் நர்சுகளும் தங்களால் ஆனதைச் செய்தார்கள். ஏழாம் நாள் காலையில் ஆறு வயது அக்ஷிதா போய்விட்டாள்.

சங்கிலி கடையிலிருந்து அஞ்சலி போஸ்டர் வந்தது. வாசலுக்கு எதிர்ச் சுவரில் யாரோ ஒட்டினார்கள். அதில் பெயர் ‘அக் ஷிதா’ என்று இருந்தது. அழுது கிடந்த மகாலட்சுமியின் கண்ணில் அந்த இடைவெளி பட்டது. இத்தனை வருஷமாக மற்றவர் பிள்ளைகளின் பெயர்களுக்கு நடுவில் அவளே விட்ட இடைவெளிதான். பல நாள் அந்தச் சுவரைப் பார்க்காமல் வீட்டுக்குள் போக வர முடியவில்லை. மழையில் போஸ்டர் கிழிந்து தொங்கியபோதுகூட அந்த இடைவெளி மட்டும் கிழியாமல் நின்றது.

வருஷம் முடிந்து நினைவு நாள் வந்தபோது, போஸ்டரை நானே செய்கிறேன் என்று கிளம்பினாள். பெற்றவள் செய்கிற வேலையா இது என்று சொந்தக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவள் மகளின் நோட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். ஒரு பக்கத்தை ஸ்கேன் செய்து, க்ஷியை மட்டும் திரையில் பெரிதாக்கி, பென்சில் தடத்தின் மேலேயே மவுஸை நகர்த்தி நகர்த்தி அந்த எழுத்தை அப்படியே எடுத்தாள். மூடாத வயிறு, முக்காட்டுக் கொக்கி, பென்சில் எழும்பி விழுந்த தடம், எதையும் திருத்தவில்லை. சங்கிலி பக்கத்தில் டீயை வைத்துவிட்டுப் போனார்.

நினைவு நாள் முடிந்ததும் வழக்கப்படி பிள்ளையின் துணிமணி, பை, நோட்டு எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டி முல்லையாற்றில் விட்டார்கள். போட்டோக்கள் இருந்தன. ஆனால் போட்டோ யாரோ எடுத்தது. மகள் தன் கையால் செய்ததென்று உலகத்தில் மிச்சம் இருந்தது அந்த ஒரு எழுத்துதான். அதுவும் கெட்டது போல்டருக்குள், ஒரு இறந்த பிள்ளையின் பைலில். வருஷத்துக்கு ஒரு முறை நினைவு நாளுக்குத் திறப்பாள். போஸ்டர் அடிப்பாள். மூடிவிடுவாள்.

இந்த வருஷம் மாசி மாதம் ஒரு முகூர்த்தத்துக்கு முந்தின நாள். சங்கிலி ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அனுமந்தன்பட்டியிலிருந்து நாகராஜ் வந்தார். திராட்சைத் தோட்டக்காரர். வயது முப்பதுக்குள்தான். மூன்று வயது மகளுக்குக் காதுகுத்து. பிள்ளையின் பெயர் தீக்ஷிதா. எல்லாம் முடிந்து திரையில் காட்டியபோது அவர் முகம் சுருங்கியது.

“என்னக்கா இது? பிள்ளை பேர ரெண்டாப் பிச்சுப் போட்ருக்கீக? நடுவுல ஒரு ஆடு நுழைஞ்சு போயிரும் போலருக்கே.”

“இந்த எழுத்துல அது கிடையாது தம்பி. இப்படித்தான் வரும்.”

“பாத்துச் செய்யுங்கக்கா. எங்களுக்கு அஞ்சு வருசம் கழிச்சுப் பெறந்த பிள்ள.”

மகாலட்சுமி கெட்டது போல்டரைத் திறந்தாள். அவசரத்தில் கை தவறிவிட்டது என்று பின்னால் தனக்குத் தானே சொல்லிப் பார்த்திருக்கிறாள். அது பொய். தெரிந்தேதான் திறந்தாள். செத்த பிள்ளைகளுக்கும் கிழவர்களுக்கும் நடுவில் ஏழு வருஷமாக அடைந்து கிடந்த எழுத்தை, ஒரே ஒரு தடவை, மேளச் சத்தம் கேட்கிற இடத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. எடுத்து வைத்தாள். தீ இடப்பக்கம் நகர்ந்து, தா வலப்பக்கம் நகர்ந்து, அதற்கு இடம் கொடுத்தன.

“ஆங், இதுதான்!” என்றார் நாகராஜ். “கையெழுத்து மாதிரி அம்சமா இருக்கே.”

கூடலூரிலிருந்து உத்தமபாளையம் வருகிற பஸ் அனுமந்தன்பட்டி வழியாகத்தான் போகும். மறுநாள் காலையில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வந்தாள். முக்கு ரோட்டில் இருபது அடிக்கு நின்றது போர்டு. பட்டுப்பாவாடை, ரோஜா மாலை, தாய்மாமன்கள், நடுவில் அவள் மகளின் க்ஷி. ஆள் உயரத்துக்கு இருந்தது. வெயில் பட்டுப் பளபளத்தது. மகாலட்சுமிக்கு எட்டு வருஷமாக வராத சந்தோஷம் வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள், அழுதாள். பக்கத்து சீட்டுக்காரி என்னவென்று கேட்டதற்குத் தூசி என்றாள். ஒரு வாரம் அந்தப் போர்டு நின்றது. ஒவ்வொரு காலையும் போயிட்டு வர்றேன்டி என்று மனதுக்குள் சொல்லிவிட்டுப் போனாள்.

ருசி கண்ட பிறகு விட முடியுமா? யக்ஷிதாவுக்குப் பிறந்தநாள், லக்ஷிதாவுக்கு மொட்டை, தக்ஷிகாவுக்குக் காதுகுத்து. எட்டு மாதத்தில் இன்னும் பதினொரு போர்டில் அந்த எழுத்து ஏறியது. சின்னமனூரில் நின்றது, கம்பத்தில் நின்றது, போடி ரோட்டில் நின்றது. மகள் ஊர் ஊராகப் போய் எல்லார் வீட்டு விசேஷத்திலும் கேக் தின்றுவிட்டு வருகிறாள் என்றுதான் மகாலட்சுமி நினைத்தாள். சில சமயம் பஸ் திரும்பும்போது, எதிர்பார்க்காத ஒரு முக்கில், காற்றில் புடைத்து ஆடுகிற போர்டிலிருந்து அந்த முக்காட்டுக் கொக்கி அவளையே குனிந்து பார்ப்பது போல இருக்கும். அப்போதும் அவளுக்குப் பயம் தோன்றவில்லை. பெற்ற பிள்ளையைக் கண்டு யாராவது பயப்படுவார்களா?

ஐப்பசியில் பயம் வந்தது. நாகராஜின் பங்காளி ஒருவர் ஏதோ வேலையாகக் கடைக்கு வந்தவர், போகிற போக்கில் சங்கிலியிடம் சொன்னார்.

“நாகராசு மகளுக்கு ரொம்ப முடியலண்ணே. காய்ச்சல். ரத்தத்துல அணு குறைஞ்சு போச்சுன்னு தேனியில வச்சிருக்காக. இன்னையோட நாலு நாளாச்சு.”

மகாலட்சுமி மவுஸை விட்டு எழுந்து வந்தாள். அதே மாதம். அதே காய்ச்சல். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டாள். அதே ஆஸ்பத்திரி. அன்று சாயங்காலம் திரும்பிப் போகும்போது அனுமந்தன்பட்டி முக்கைப் பார்த்தாள். போர்டு கழற்றி எட்டு மாதம் ஆகிவிட்டது. நட்ட கம்புகள் இரண்டும் அப்படியே மழையில் நின்றன. நடுவில் ஒன்றுமில்லை. மகள் அந்த இடத்திலிருந்து இறங்கி ஊருக்குள் நடந்து போய்விட்ட மாதிரி இருந்தது.

துணை தேடுகிறாள். ஆறு வயதுப் பிள்ளை, தனியாக எத்தனை வருஷம் இருப்பாள்? விளையாட ஆள் வேண்டாமா? கதவைத் திறந்து வெளியே விட்டது யார்? பெற்ற தாய்தான். மறுநாள் மகாலட்சுமி மற்ற பதினொரு வீட்டுக்கும் கடை போனிலிருந்து கூப்பிட்டாள். போர்டு நல்லா இருந்துச்சா, பிள்ள நல்லா இருக்கா என்று விசாரித்தாள். பத்து வீட்டில் பிள்ளையின் கத்தல் பின்னால் கேட்டது. கேட்டதும் மூச்சு விட்டு போனை வைத்தாள். ஜெயமங்கலத்து வீட்டில் மட்டும் யாரும் எடுக்கவில்லை. அரை நாள் லீவு சொல்லி, இரண்டு பஸ் மாறி, பிறந்த ஊருக்கே போய் அந்த வீட்டைத் தேடினாள். ஒன்றரை வயது லக்ஷிதா வாசலில் உட்கார்ந்து கோழிக்குப் போட்ட அரிசியைத் தின்றுகொண்டிருந்தாள். வந்த பெண்பிள்ளை எதற்காகத் தன்னைத் தூக்கி நெஞ்சோடு இறுக்குகிறாள் என்று தெரியாமல் பிள்ளை வீரிட்டு அழுதது.

தீக்ஷிதா ஆஸ்பத்திரியில் சேர்ந்த ஐந்தாம் நாள் சாயங்காலம், வாசலில் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்த புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். விஜய்பாண்டி குழாயை மூடினார்.

“நம்ம பிள்ள அப்படிச் செய்யாது மகா. எறும்ப மிதிச்சாக்கூட அழுகும்.”

“தெரிஞ்சு செய்யுமா? சின்னப் பிள்ள. கூட வெளாட ஒரு ஆளு வேணும்னு கூப்பிட்டா அதுக்கு என்ன தெரியும்?”

“இப்ப என்ன செய்யப் போற?”

“அழிச்சிரப் போறேன். எழுத்த, அத வச்ச போர்டு பைல எல்லாத்தையும்.”

“அதையும் அழிச்சுப்புட்டா நமக்கு என்ன இருக்கு?” என்றார். கோபமா அழுகையா என்று அவருக்கே தெரியவில்லை. “ஆத்துல விட்டம்ல எல்லாத்தையும். இது ஒண்ணுதானே...”

அவர் சொன்னது சரிதான். ஆனால் தேனியில் ஒருத்தி, எட்டு வருஷத்துக்கு முன்னால் தான் உட்கார்ந்திருந்த அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை கடையைத் திறந்ததும் சங்கிலியிடம் விஷயத்தைச் சொன்னாள். பதினேழு வருஷத்தில் முதல் முறையாக அவர் அவளைத் திட்டப் போகிறார் என்று நினைத்தாள். அவர் மிஷின் பக்கம் போய் முகத்தைத் திருப்பி நின்றுகொண்டார்.

“எங்கிட்ட ஒரு வார்த்த கேட்ருக்கலாம்ல தாயி,” என்றார். “சட்டம் போட்ட நானும் பிள்ளயப் பறிகொடுத்தவன்தான். ஒனக்குத் தெரியாது.”

அவள் உட்கார்ந்தாள். முதலில் நல்லது போல்டரில் இருந்த பன்னிரண்டு போர்டுகளையும் அழித்தாள். பிறகு நினைவு நாள் போஸ்டர்களை அழித்தாள். கடைசியில் அந்த எழுத்தைத் திறந்தாள். திரை நிறையப் பெரிதாக்கினாள். பென்சில் எழும்பி விழுந்த தடம் ஒரு விரல் அகலத்துக்குத் தெரிந்தது. அன்றைக்கு அந்த இடத்தில் ஏன் பென்சிலை எடுத்தாய், கை வலித்ததா, யாராவது கூப்பிட்டார்களா? இதைக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அழித்தாள். குப்பைத் தொட்டியிலும் போய் அழித்தாள். திரையில் வெள்ளையாக ஒரு பக்கம் நின்றது. ஆத்தா, போயிரு, அந்தப் பிள்ளைய விட்ரு என்று மகளிடம் சத்தமாகவே சொன்னாள். சங்கிலி காதில் விழுந்தும் விழாத மாதிரி இருந்தார்.

அங்கிருந்து நேரே தேனிக்குப் பஸ் ஏறினாள். நடந்ததை எல்லாம் அந்தத் தாயிடம் சொல்லிவிட வேண்டும். அவள் அடித்தால் வாங்கிக்கொள்ள வேண்டும். சொல்லாமல் விட்டால் அழித்ததற்கு அர்த்தமில்லை என்று அவளுக்குத் தோன்றியது. வழியெல்லாம் முதல் வார்த்தையைத் தேடிக்கொண்டே போனாள். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினாள். எட்டு வருஷமாக இந்த ரோட்டுக்கே வராதவள். பெயின்ட் மாற்றியிருந்தார்கள். வாடை மாறவில்லை. கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து மாடி ஏறினாள்.

ஜன்னலோரக் கட்டிலில் தீக்ஷிதா உட்கார்ந்திருந்தாள். கையில் ஊசி குத்தி பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. முன்னால் இட்லித் தட்டு. சட்னி காரம் என்று சிணுங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா திரிஷா, இருபத்தெட்டு வயதுக்காரி, ஐந்தாறு நாள் தூக்கமில்லாத முகத்தோடு அவளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

“நான் பிளக்ஸ் கடையில இருந்து வர்றேன். போர்டு டிசைன் பண்ணுனது நான்தான்.”

“ஐயோ, வாங்கக்கா, உக்காருங்க,” என்றாள் திரிஷா. “அவரு சொல்லுவாக ஒங்களப் பத்தி. பாக்க வந்தீகளா? நேத்து மத்தியானமே காய்ச்சல் விட்ருச்சுக்கா. அணு ஏறிக்கிட்டு வருதாம். நாளைக்கு வீட்டுக்குப் போலாம்னு டாக்டர் சொல்லிட்டாக.”

நேற்று மத்தியானம். மகாலட்சுமி ஸ்டூலில் உட்கார்ந்தாள். நேற்று மத்தியானம் எழுத்து கம்ப்யூட்டரில் பத்திரமாக இருந்தது. அவள் அழித்தது இன்று காலை ஒன்பது மணிக்கு. பிள்ளை பிழைத்த பிறகு, யாருக்கும் தேவைப்படாமல், மகளைத் தன் கையாலேயே இன்னொரு தடவை அனுப்பிவைத்திருக்கிறாள். ஆனாலும் எதிரே பிள்ளை இட்லி தின்றுகொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. வந்த வேலையை முடித்துவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

“தங்கச்சி, ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும். நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். அந்தப் போர்டுல...”

தட்டு சாய்ந்தது. அதைப் பிடிக்கத் திரிஷா கையை நீட்டினாள். சுடிதார்க் கை மேலே ஏறியது. முழங்கைக்குக் கீழே, உள்பக்கத்தில், பச்சையாக நான்கு விரல் நீளத்துக்கு ‘தீக்ஷிதா’ என்று இருந்தது. தீயும் தாவும் அச்சு மாதிரி இருந்தன. நடுவில் மூடாத வயிறும் முக்காட்டுக் கொக்கியும், பென்சில் எழும்பி விழுந்த தடமும்.

மகாலட்சுமி பார்ப்பதைப் பார்த்துத் திரிஷா கையை நன்றாகத் திருப்பிக் காட்டினாள்.

“வீரபாண்டித் திருவிழாவுல பச்ச குத்துனதுக்கா. பச்ச குத்துறவன்கிட்ட இந்த எழுத்து மட்டும் இல்லைன்னுட்டான். பிரிச்சுக் குத்தட்டுமான்னு கேட்டான். நான்தான் போனுல இருந்த போர்டு போட்டோவக் காட்டி, இதே மாதிரி வேணும், ஒரு கோடு மாறக் கூடாதுன்னு உக்காந்து குத்திக்கிட்டேன்.” பிறகு மகளின் வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: “இந்த அஞ்சு நாளும் ஊசி போடயிலெல்லாம் இதத்தான் பிடிச்சுக்கிட்டே கிடந்தா. ராத்திரி எழுந்தா மொதல்ல இதத் தடவிப் பாக்குறா, இருக்கான்னு. ஆமா, என்னமோ சொல்ல வந்தீகளே?”

மகாலட்சுமி அந்தக் கையைப் பார்த்தாள். போர்டு என்றால் கழற்றிவிடலாம். பைல் என்றால் அழித்துவிடலாம். இது தோல். இப்போது வாயைத் திறந்தால், இந்தப் பெண் சாகிற வரைக்கும் ஒரு அஞ்சலி போஸ்டரைக் கையில் சுமந்துகொண்டு திரிவாள். பிள்ளை ஒரு தும்மல் போட்டாலும் தன் கையைப் பார்த்து நடுங்குவாள். அந்த நடுக்கம் எப்படி இருக்கும் என்று மகாலட்சுமிக்குத் தெரியும். அதை ஒரு ஆள் பட்டால் போதும்.

“ஒண்ணுமில்லம்மா. போர்டுல தாய்மாமன் படம் கொஞ்சம் இருட்டா விழுந்துருச்சு. அதத்தான் சொல்ல வந்தேன்.”

திரிஷா சிரித்துவிட்டாள். “அதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தீக? அவரு ஆளே இருட்டுதாங்கக்கா.” பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டாள்: “யக்கா, இது எப்படி எழுதணும்? எனக்கு வாசிக்க வரும், எழுத வராது. இவளுக்கு நாளைக்கு நான்தானே சொல்லிக் குடுக்கணும்?”

மகாலட்சுமி அந்தக் கையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஆள்காட்டி விரலை எழுத்தின் முதல் புள்ளியில் வைத்து மெதுவாக இழுத்தாள். தோல் சூடாக இருந்தது. அடியில் நாடி துடித்தது. தீக்ஷிதா இட்லியை மறந்து தலையை நீட்டி விரலையே பார்த்தாள். பென்சில் எழும்பிய இடம் வந்ததும் மகாலட்சுமியும் விரலை எடுத்து, மறுபடி வைத்தாள்.

“அங்கன ஏன்க்கா எடுத்தீக?”

“அங்கன எடுத்துத்தான் வைக்கணும்,” என்றாள் மகாலட்சுமி.

கொக்கியை முடித்த பிறகும் கையை விடவில்லை. போன் நம்பரைச் சொல்லிக் குறித்துக்கொள்ளச் சொன்னாள். “பிள்ளைக்குச் சின்னதா மேலு காஞ்சாலும் எனக்கு ஒரு போன் போடு தங்கச்சி. எந்நேரம்னாலும் சரி.”

“எதுக்குக்கா?”

“நான் வந்து சொல்லிப் பாக்குறேன்.”

யாரிடம் சொல்லிப் பார்க்கப் போகிறாள் என்று திரிஷாவுக்குப் புரியவில்லை. டாக்டரிடம் என்று நினைத்துக்கொண்டு, சரிக்கா என்று தலையை ஆட்டினாள்.